தராசின் தீர்ப்பும் தசையின் வளர்ச்சியும்: நடுவயது மகளிரின் உடற்பயிற்சி குறித்து ஒரு மறுப்புரை

பொன்னை மதிப்பிடும் கொல்லன் இரு கருவிகளைக் கைக்கொள்வான். நிறையை அறியத் தராசு; மாற்றை அறிய உரைகல். இட்ட பொருள் எத்தனை பவுண் என்பதைத் தராசு கூறும். அதிலே பொன் எவ்வளவு, செம்பு எவ்வளவு என்பதை அது கூறமாட்டாது. இவ்வேறுபாட்டை அறியாத கொல்லனிடம் எவரும் தாலி செய்யக் கொடுப்பதில்லை. ஆயின் மனித உடலை, சிறப்பாக நடுவயதுப் பெண்ணின் உடலை, மதிப்பிடும் வேளையில் மட்டும் உரைகல் என ஒன்று உண்டென்பதே மறக்கப்பட்டுவிடுகின்றது. தராசே நிறை கூறுகின்றது. தராசே மாற்றும் கூறுகின்றது. ஈற்றில் நீதிபதியின் ஆசனத்திலும் அதுவே அமர்ந்துவிடுகின்றது.

நாற்பத்தைந்து வயதைக் கடந்த பெண்ணொருவர் பாரந்தூக்கும் பயிற்சியை மேற்கொள்கிறார் எனக் கொள்க. மூன்று மாதங்களின் பின் தராசில் ஏறியபோது நிறை குறையவில்லை. ஒரு கிலோகிராம் கூடியும் இருக்கின்றது. அவ்வேளையில் அவர்முன் இரு தீர்ப்புகள் வைக்கப்படுகின்றன. “பட்ட பாடெல்லாம் வீண், பயிற்சியை விட்டு உணவைக் குறைப்பதே வழி” என்பது ஒன்று. “கவலை வேண்டா; கூடியது தசையே” என்பது மற்றையது. முன்னது சுற்றத்தாரின் வாயிலிருந்தும், சிலவேளை வைத்தியரின் வாயிலிருந்தும் வருவது. பின்னது பெரும்பாலும் பயிற்சி நிலையத்தாரின் வாயிலிருந்து வருவது. ஒன்று மனத்தைச் சோர்விப்பது, மற்றையது தேற்றுவது. ஆயினும் இரண்டும் ஒரே தவறிலிருந்து பிறந்தவை. கூடியது யாது என்ற வினாவுக்கு எவ்வளவு கூடிற்று என்பதையே விடையாகக் கொள்வதே அத்தவறாகும்.

நிறைக்கு இத்துணை அதிகாரம் எங்ஙனம் வந்தது என்பது ஆராயத்தக்கது. பெல்ஜிய நாட்டு வானியலாளரும் கணிதவியலாளருமான அடொல்ப் கெற்றலே 1830களில் வளர்ந்தோரின் நிறை அவர்தம் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுபடுவதைக் கண்டு கூறினார். அவர் தேடியது நோயாளியை அன்று. மக்கட்டொகையின் சராசரி மனிதனை. 1972இல் அமெரிக்க உடற்றொழிலியலாளர் அன்செல் கீஸ் அதே விகிதத்துக்கு உடற்றிணிவுச் சுட்டி எனப் பெயரிட்டார். அவரும் அவர்தம் குழுவினரும் ஐந்து நாடுகளைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கு மேற்பட்டோரின் அளவுகளை ஆராய்ந்தனர். அவர்கள் அனைவரும் ஆண்கள். மக்கட்டொகுதிகளை ஒப்பிடுவதற்கென ஆண்களின் உடலிலே சோதிக்கப்பட்ட ஓர் அளவுகோல், மாதவிடாய் நிற்கும் பருவத்திலுள்ள தனியொரு பெண்ணின் உடற்கூற்றுக்குத் தீர்ப்பளிக்கும் கருவியாயிற்று. இஃது அறிவியலின் குற்றமன்று. அறிவியலை எளிதாக்கிக் கையாண்டோரின் குற்றமேயாம்.

இக்கருவி ஆண்களிடத்துங்கூடத் தவறக் கூடியது என்பது அதற்கு முப்பது ஆண்டுகள் முன்னரே காட்டப்பட்டிருந்தது. அமெரிக்கக் கடற்படை வைத்தியரான அல்பேட் பென்கே தொழில்முறை அமெரிக்க உதைபந்தாட்ட வீரர் 25 பேரை நீரினுள் நிறுத்து, ஆக்கிமிடீசின் தத்துவப்படி அவர்தம் உடலின் அடர்த்தியைக் கணித்தார். 1942இல் வெளியான அவ்வாய்வின்படி, அவர்களுள் 17 பேர் உயர – நிறை அட்டவணைகளின்படி மிகுநிறையினர். படைச் சேவைக்குத் தகுதியற்றோர் எனத் தள்ளப்படக் கூடியோர். ஆயின் அவர்களுட் பெரும்பாலோரின் உடலடர்த்தி உயர்வாக இருந்தது. அஃதாவது உடலில் இருந்தது கொழுப்பன்று, தசை. அட்டவணை அவர்களைப் பருத்தோர் என்றது. நீரோ வலியோர் என்றது. இவ்வாய்வு வெளிவந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், தராசின் சொல்லே இன்றும் பெரும்பாலும் இறுதிச் சொல்லாக உள்ளது.

“கொழுப்பைவிடத் தசை பாரமானது” என்ற கூற்று இவ்விவாதத்தில் அடிக்கடி எடுத்தாளப்படும். சொன்னபடி நோக்கின் அது பொருளற்றது. ஒரு கிலோகிராம் தசையும் ஒரு கிலோகிராம் கொழுப்பும் நிறையிற் சமமே. வேறுபடுவது அடர்த்தி. ஒரு லீற்றர் கனவளவுள்ள தசை ஏறத்தாழ 1.06 கிலோகிராம், அதே கனவளவுள்ள கொழுப்பு ஏறத்தாழ 0.9 கிலோகிராம். ஆகலின் ஒரு கிலோகிராம் கொழுப்பு நீங்கி ஒரு கிலோகிராம் தசை சேருமாயின் தராசு அசையாது. உடல் சற்றே ஒடுங்கும். உட்பாவாடையின் நாடா முன்னையினும் உள்ளே முடிச்சிடப்படும். அம்முடிச்சு அறிந்ததைத் தராசு அறியாது.

நடுவயதில் இக்குருட்டுத்தன்மை மேலும் கேடு பயப்பதற்குத் தனியான காரணம் உண்டு. 1990களின் நடுப்பகுதியிலிருந்து ஐக்கிய அமெரிக்காவில் பல இனப் பெண்களை ஆண்டாண்டாகத் தொடர்ந்து அவதானித்துவரும் பெரிய ஆய்வொன்று உண்டு. அதன் உடற்கூற்றுத் தரவுகள் 2019இல் வெளியாயின. மாதவிடாய் நிறுத்தத்தை நோக்கிய மாறுகாலம் தொடங்கியதும் உடலிற் கொழுப்புச் சேரும் வேகம் இருமடங்காகின்றது. அதுவரை மெல்லக் கூடிவந்த கொழுப்பல்லாத் திணிவு குறையத் தொடங்குகின்றது. இறுதி மாதவிடாயின் பின் இரண்டு ஆண்டுகள்வரை இந்நிலை நீடிக்கின்றது. ஆயின் அதே காலத்தில் நிறையோ முன்னர் ஏறிய அதே சீரான வேகத்திலேயே ஏறிச் செல்கின்றது. திருப்பம் எதனையும் காட்டவில்லை. ஒருபுறம் கூடியதும் மறுபுறம் குறைந்ததும் ஒன்றையொன்று மறைத்துவிட்டன. பெண்ணின் உடலில் இப்பருவத்தில் நிகழும் பெரும் மாற்றமொன்று தராசின் முன்னாலேயே நடந்தேறியது. தராசு அதனைக் காணவில்லை.

பயிற்சி மேற்கொள்வோரிடம் இதே மறைப்பு எதிர்த்திசையில் நிகழ்கின்றது. பாரப் பயிற்சி பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான மதிப்பாய்வு ஒன்று, பத்து வாரப் பயிற்சியின் பயனாகக் கொழுப்பல்லாத் திணிவு ஏறத்தாழ 1.4 கிலோகிராம் கூடலாம் எனவும் கொழுப்பு 1.8 கிலோகிராம் குறையலாம் எனவும் கூறுகின்றது. இவ்விரண்டையும் கூட்டிக் கழித்தால் தராசிற் காண்பது 0.4 கிலோகிராம் குறைவு மட்டுமே. காலையில் அருந்திய இரண்டு குவளைத் தேநீரே அதனை மறைத்துவிடப் போதுமானது. மூன்று கிலோகிராமுக்கு மேற்பட்ட நன்மாற்றம் உடலினுள் நிகழ்ந்திருக்க, அதனை நிகழ்த்திய பெண் “ஒன்றும் ஆகவில்லை” என்று பயிற்சியைக் கைவிடுகிறார். பயிற்சியின்றி வாழும் வளர்ந்தோர் பத்தாண்டுக்கு 3 முதல் 8 வீதம் வரை தசைத் திணிவை இழப்பர் என அதே மதிப்பாய்வு கூறுவதையும் இதனோடு சேர்த்து நோக்குதல் வேண்டும். தோல்வியென எண்ணி அவர் கைவிட்டது இவ்விழப்பைத் தடுக்கும் தலைசிறந்த வழியையேயாகும்.

இதுகாறும் கூறியவை தராசை நம்புவோருக்கு எதிரானவை. தேற்றுரை கூறுவோரும் அவ்வளவு எளிதில் தப்பிவிடல் ஆகாது. நிறை கூடிய ஒவ்வொரு தடவையும் “அது தசை” என்று கூறுதல் அறிவியலன்று, முகமன். மேற்குறித்த 1.4 கிலோகிராமுக்கே பத்து வாரங்கள் வேண்டியிருந்தன. அவ்வாறாக, பயிற்சி தொடங்கி இரண்டு வாரத்தில் இரண்டு கிலோகிராம் கூடிய ஒருவரிடம் கூடியது தசையென எவ்வாறு கூறமுடியும்? அவ்விரு வாரங்களிற் கூடுவதிற் பெரும்பகுதி நீர். பயிலும் தசை கிளைக்கோசனைக் கூடுதலாகச் சேமிக்கின்றது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோசனுடனும் ஏறத்தாழ மூன்று கிராம் நீர் சேர்கின்றது. 100 கிராம் கிளைக்கோசன் கூடுமாயின் தராசு 400 கிராம் கூட்டிக் காட்டும். பழகாத வேலையால் நொந்த தசையிலே தோன்றும் வீக்கமும், உப்பு மிகுந்த உணவும், மாதவிடாய்ச் சுழற்சியும் மேலும் நீரைத் தேக்கும்.

“பாரத்தை முன்னையினும் கூடுதலாகத் தூக்குகிறேன், ஆகவே தசை வளர்ந்துவிட்டது” என்ற வாதமும் தொடக்கக் காலத்திற் பொருந்தாது. முதற் சில வாரங்களில் வலிமை கூடுவது பெரும்பாலும் தசை பருப்பதனால் அன்று. நரம்புகள் தசைநார்களை ஒருங்கே ஏவக் கற்றுக்கொள்வதனாலேயே என்பதை மொரிற்றானி, டி வ்ரீஸ் ஆகிய இருவர் 1979இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. தசை பருப்பதன் பங்கு அதன் பின்னரே மேலோங்குகின்றது. மாதங்கள் கடந்த பின்னும் நிறை ஏறிக்கொண்டே போகுமாயின், பயிற்சி தந்த பசியால் மிகுதியாக உண்டது கொழுப்பாகச் சேர்கின்றது என்ற ஐயம் எழுதல் நியாயமே. அந்த ஐயத்தைத் தட்டிக்கழித்துச் சந்தாப் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் நிலையம் தன்னை நம்பிவந்த பெண்ணுக்கு நன்மை செய்யவில்லை.

தசை ஏராளமான சக்தியை எரித்து உடலைத் தானே மெலியச் செய்யும் என்ற விளம்பரமும் மிகைபடக் கூறலே. ஓய்வு நிலையில் ஒரு கிலோகிராம் தசை ஒரு நாளிற் செலவிடுவது ஏறத்தாழ 13 கிலோகலோரி. ஒரு கிலோகிராம் கொழுப்பிழையம் செலவிடுவது ஏறத்தாழ 4.5 கிலோகலோரி. இவ்வேறுபாடு தேநீரில் இடும் ஒரு தேக்கரண்டிச் சீனிக்கும் ஈடாகாது. தசையின் பெருமை வேறிடத்தில் உள்ளது. உணவின் பின் குருதியிலிருந்து குளுக்கோசை ஏற்றுக்கொள்ளும் பெரிய களஞ்சியம் அதுவே. மாடிப்படி ஏறுவதும், நிலத்தில் அமர்ந்து எழுவதும், கால் இடறியபோது உடலைத் தாங்கி நிறுத்துவதும் அதனாலேயே. உண்மையான பெருமை இத்துணை இருக்க, பொய்ப்பெருமை எதற்கு?

அவ்வாறாயின் உரைகல் எங்கே என்ற வினா எழும். அதற்கு விலையுயர்ந்த கருவி இன்றியமையாததன்று. இருவேறு ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்களைச் செலுத்தி என்பு, கொழுப்பு, ஏனையவை எனப் பிரித்துக் காட்டும் கருவி சிறந்ததே. எனினும் அது தசையையும் அதிலுள்ள நீரையும் ஒருசேரவே கணக்கிடும். பாதத்தினூடாக மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்திக் கொழுப்பு வீதத்தைக் கூறும் வீட்டுத் தராசுகள் உடலிலுள்ள நீரின் அளவையே சார்ந்திருப்பன. நீர் அருந்தியதும் வியர்த்ததும் அவற்றின் விடையை மாற்றிவிடும். எந்நாளும் எல்லோர்க்கும் கைகூடுவன மூன்று: இடையை அளக்கும் அளவுநாடா, தூக்கிய பாரத்தையும் தடவைகளையும் குறிக்கும் ஒரு குறிப்பேடு, பொறுமையாகக் கடக்கவேண்டிய காலம்.

இம்மூன்றையும் தராசோடு சேர்த்து நோக்கின் நான்கு நிலைகள் தெளிவாகும். முதலாவது, பயிற்சி தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களுள் நிறை திடீரெனக் கூடுமாயின் அதனை நீரெனக் கொண்டு, தீர்ப்பை ஒத்திவைத்தல் வேண்டும். இரண்டாவது, இரண்டு மூன்று மாதங்களின் பின் நிறை மாறாமலோ சற்றுக் கூடியோ இருக்க, இடை ஒடுங்கி, தூக்கும் பாரமும் ஏறியிருப்பின், தசை கூடிக் கொழுப்புக் குறைந்தது எனலாம். மூன்றாவது, நிறையும் இடையும் கூடிப் பாரம் நின்ற இடத்திலேயே நிற்பின், கூடியது கொழுப்பு. அதனைத் தசையென அழைத்தல் தன்னைத்தானே ஏமாற்றலாகும். நான்காவது, நிறையும் இடையும் பாரமும் ஒருங்கே ஏறுமாயின் இரண்டும் கூடியுள்ளன. அங்கே திருத்தவேண்டியது பயிற்சியை அன்று, உணவை. இவற்றுள் எந்த நிலையையும் தராசு தனித்து நின்று அறிய முடியாது என்பது வெளிப்படை.

தென்னாசிய மக்களுக்கு இவ்வெச்சரிக்கை இருமடங்கு பொருந்தும். புனே நகரத்து வைத்தியர் யாஜ்னிக், இலண்டன் வைத்தியர் யுட்கின் ஆகிய இருவர் தம் உடல்களையே எடுத்துக்காட்டாக்கி 2004இல் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டனர். இருவரின் உடற்றிணிவுச் சுட்டியும் 22.3. ஆயின் யுட்கினின் உடலிற் கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 வீதம். அதே ஆண்டில் உலக சுகாதார அமைப்பின் நிபுணர் குழு, ஆசிய மக்களைப் பொறுத்தவரை சுட்டி 23ஐத் தொடும்போதே விழிப்புக் கொள்ளல் வேண்டும் எனக் கூறியது. தென்னாசியப் பெண்களின் இடைச் சுற்றளவுக்கு அனைத்துலக நீரிழிவுக் கூட்டமைப்பு வகுத்த எல்லை 80 சென்ரிமீற்றர். ஆகவே தராசு தேறுதல் கூறும் மெல்லிய பெண்ணும் தப்பியவர் அல்லர். தசை குறைந்து வயிற்றிற் கொழுப்புச் சேர்ந்த மெலிவு, உடல்நலம் என்ற பெயரிற் போற்றப்படுதல் இந்நாட்டுச் சூழலில் அரிதன்று.

இதற்கு மறுப்பாக, “நிறையும் கருதத்தக்கதே; மிகுநிறை நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் காரணமன்றோ? தராசோ மலிவானது, எங்கும் கிடைப்பது” என்று கூறப்படலாம். இதில் உண்மை உண்டு. தராசை உடைத்தெறிய வேண்டும் என எவரும் வாதிடவில்லை. அது ஒரு சாட்சி. அதன் சாட்சியம் ஏற்கத்தக்கதே. ஏனைய சாட்சிகளை விசாரியாது அதன் சொல்லைக் கொண்டே தீர்ப்பெழுதுவதுதான் அநீதி. மலிவு என்பது காரணமாயின் அளவுநாடா அதனிலும் மலிவானது.

மேலும், தராசின் எண்ணைக் குறைப்பதே குறிக்கோளானால் விளைவது யாது என்பதும் அறியப்பட்டதே. உடலை மெலிவித்து, பின் இழந்த நிறையை ஓரளவு மீளப் பெற்ற, மாதவிடாய் நின்ற பெண்களைப் பற்றி 2011இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அவர்கள் ஒவ்வொரு கிலோகிராம் கொழுப்பை இழந்தபோதும் 0.26 கிலோகிராம் கொழுப்பல்லாத் திணிவையும் இழந்தனர்; ஒவ்வொரு கிலோகிராம் கொழுப்பை மீளப் பெற்றபோது அதில் 0.12 கிலோகிராம் மட்டுமே திரும்பியது. மெலிந்து பருத்துப் பழைய எண்ணுக்கே மீண்ட பெண்ணைத் தராசு “நீ பழையபடியே இருக்கிறாய்” என்கின்றது. அவரோ தசை குறைந்து கொழுப்பு மிகுந்த வேறோர் உடலோடு நிற்கின்றார். இச்சுற்றை மூன்று நான்கு முறை சுற்றுவோரின் கதி யாதாகும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இங்கே கேள்விக்குள்ளாவது அழகு அன்று. முதுமையில் ஒரு பெண் பிறர் கையைப் பற்றாது எழுந்து நடப்பாரா என்பதே. வயதோடு வரும் தசையிழப்புக்கு இர்வின் றோசன்பேர்க் 1980களின் இறுதியிலேதான் ஒரு பெயர் சூட்டினார். பெயர் பிந்தினும் பரிகாரம் பிந்தவில்லை. 1990இல் வெளியான ஆய்வொன்றில், தொண்ணூறு வயதை அண்மித்த பத்துப் பேர் எட்டு வாரங்கள் பாரப் பயிற்சி பெற்றனர். அதனை முடித்தவர்களின் கால் வலிமை சராசரி 174 வீதம் உயர்ந்தது. 1994இல் வெளியான மற்றோர் ஆய்வில், 50க்கும் 70க்கும் இடைப்பட்ட வயதுடைய பெண்கள் வாரம் இருமுறையாக ஓராண்டு பயின்றனர். அவர்களின் தசையும் வலிமையும் உடற்சமநிலையும் கூடின. என்பின் அடர்த்தி பேணப்பட்டது. பயிலாத பெண்களோ என்பை இழந்தனர். வளர்ந்தோர் யாவரும் வாரத்தில் இரு நாட்களேனும் தசையை வலுவூட்டும் பயிற்சி செய்தல் வேண்டும் என உலக சுகாதார அமைப்பு 2020இல் விதந்துரைத்தது இத்தகைய சான்றுகளின் துணைகொண்டே.

ஆயினும் பெண் என்பவள் குறைந்துகொண்டே போகவேண்டும் என்ற எதிர்பார்ப்பு சமூகத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. ஆண் பயிற்சி செய்தால் “எவ்வளவு தூக்குகிறான்?” என்பது கேள்வி; பெண் பயிற்சி செய்தால் “எவ்வளவு குறைந்தாள்?” என்பது கேள்வி. எல்லோருக்கும் பரிமாறியபின் எஞ்சியதை உண்ணும் இல்லத்தலைவியிடம், புரதம் எவ்வளவு கிடைத்தது என்று எவரும் கேட்பதில்லை; நிறை எவ்வளவு குறைந்தது என்று மட்டும் கேட்கின்றனர். தராசு இவ்வெதிர்பார்ப்பை உண்டாக்கவில்லை. ஆனால் அதற்கு ஓர் எண்ணைக் கொடுத்து, அறிவியலின் தோற்றத்தையும் கொடுத்துவிட்டது. அதுவே இக்கருவியின் பெருந்தீமை.

இந்நிலை மாறவேண்டுமாயின் மாறவேண்டியோர் பயிலும் பெண்கள் மட்டுமல்லர். நிறை குறைப்புப் போட்டி நடத்திப் பரிசளிக்கும் பயிற்சி நிலையங்கள் தூக்கிய பாரத்துக்குப் பரிசளிக்கக் கற்றல் வேண்டும். நோயாளியைத் தராசில் ஏற்றுவதோடு அமையும் சிகிச்சை நிலையங்கள் அருகில் ஓர் அளவுநாடாவைத் தொங்கவிடுதல் வேண்டும். கதிரையிலிருந்து கையூன்றாது எழ முடிகின்றதா என வினவுதல் வேண்டும். பல்கலைக்கழகங்களின் உடற்கல்விப் பிரிவுகளும் மருத்துவ பீடங்களும் இலங்கைப் பெண்களின் இடையளவையும் வலிமையையும் ஆண்டாண்டாகப் பதிந்து, அவர்களுக்குரிய அளவுகளை இந்நாட்டுத் தரவுகளினின்றே வகுத்தல் வேண்டும். அதுவரை, மூன்று மாதம் உழைத்த பெண்ணிடம் எவரேனும் “எத்தனை கிலோ குறைந்தது?” என வினவுவாராயின், அவ்வினா பிழையானது என்று கூறுவதே அதற்குத் தக்க விடையாகும்.